பத்து செகண்ட் தாமதம்

போன வாரம் சாம்பார்க் கிண்ணம் சுவரில் மோதிய இடத்தில் நிறுத்தியிருந்தோம். எறிந்தவன் ஸ்டீவன். எறிந்த காரணம், அவன் தங்கை பிரின்சி சொன்ன ஒரே ஒரு வார்த்தை: "முடியாது."

கிண்ணத்தைப் பொறுக்கியதும் சுவரைத் துடைத்ததும் பிரின்சிதான். எறிவது ஆம்பிளை, துடைப்பது பொம்பிளை என்று அந்த வீட்டில் யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் அப்படித்தான் நடக்கும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கிண்ணத்தை நானே ஒரு தரம் அவன் பக்கம் திருப்பி எறிந்திருப்பேன்.

அப்படி என்ன பெரிதாகக் கேட்டுவிட்டான் அண்ணன்? பணம் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. பத்து செகண்ட் கேட்டான்.

பிரின்சிக்கு வயது இருபத்துமூன்று. கிரிக்கெட் ஸ்கோரர். திருவள்ளூரைத் தாண்டி ஒரு தனியார் கல்லூரி மைதானத்தில் ஞாயிறுதோறும் நடக்கிற மாவட்ட லீக்கில், ஒவ்வொரு பந்துக்கும் என்ன நடந்தது என்று டேப்லெட்டில் தட்டுவது அவள் வேலை. மைதானத்தில் வேடிக்கை பார்ப்பவர்கள் முப்பது பேர் இருந்தால் அதிகம். ஆனால் அவள் தட்டுகிற ஸ்கோரை வைத்து எங்கெங்கோ உட்கார்ந்து பந்தயம் கட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இது அவளுக்கே இரண்டு மாதம் முன்புதான் தெரியும். சொன்னவன் ஸ்டீவன்.

ஸ்டீவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறான். பதினோரு வருஷம் கான்ட்ராக்ட். அடுத்த மாதம் நிரந்தரமாகிறவர்கள் பட்டியல் வருகிறது, அதில் அவன் பேரும் இருக்கிறது. இந்த நேரத்தில் கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டாமா? ஹார்டுவேர் கடை மாடியில் பரசுராமன் என்பவர் நடத்தும் 'ஸ்போர்ட்ஸ் டிரேடிங்' வகுப்பில் போய்ச் சேர்ந்தான். பதினெட்டாயிரம் ஃபீஸ்.

"இது சூதாட்டம் இல்ல. சூதாடுறவன் சாமி கும்புடுவான், டிரேடர் நோட்டு போடுவான்" என்பது பரசுராமன் சார் முதல் வகுப்பில் சொன்னது. ஸ்டீவனும் நோட்டுப் போட்டான். பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கம் எழுத அழுதவன், இருநூறு பக்க நோட்டை மூன்று வாரத்தில் முடித்தான். ஒரு டீம் ஜெயிக்கும் என்று ஒருவன் கட்டுவான், ஜெயிக்காது என்று இன்னொருவன் கட்டுவான். நடுவில் ரேட் ஏறும், இறங்கும். மலிவில் பிடித்து விலை ஏறியதும் தள்ளிவிடுகிறவன்தான் டிரேடர். யார் ஜெயித்தால் நமக்கென்ன? நோட்டில் எல்லாம் லாபமாகத்தான் வந்தது. நிஜப் பணம் போட்டதும் வரிசையாக அடி.

ஏன் அடி என்பதற்கும் சாரிடம் பதில் இருந்தது. டிவியில் பந்து வருவதற்குள் மைதானத்தில் கதை முடிந்திருக்கும். முதலில் தெரிந்துகொள்கிறவன் ராஜா. சின்ன மேட்ச்சில் டிவி கிடையாது, ஸ்கோரர் தட்டுவதுதான் எல்லாம். ஸ்கோரர் பத்து செகண்ட் தாமதமாகத் தட்டினால், மைதானத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குப் பத்து செகண்ட் முன்னாடியே எதிர்காலம் தெரிந்த மாதிரி.

இதைக் கேட்டதும் பெண்டாட்டி மெர்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருநின்றவூரில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றோடு ஒன்பது நாள். புத்திசாலிப் பெண்.

சரி. ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது.

காலை ஐந்தரைக்குப் பிரின்சி வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா ஆரோக்கியமேரி காப்பி டம்ளரை அவள் பக்கத்தில் வைக்கவில்லை, இடித்தாள்.

"ஞாயித்துக்கெழம பூசைக்கு வராம ஆம்பளைங்க ஆட்டத்தப் போய் எண்ணிக்கினு உக்காந்துகிற. இன்னா பொழப்புடி இது?"

"இன்னிக்கி முக்கியமான நாளும்மா. அசோசியேஷன் வீரராகவன் சார் என் வேலையப் பாத்து ரிப்போர்ட் எழுதுறாரு. அவரு ஓகே சொன்னா ஸ்டேட் ஸ்கோரருங்க பேனல்ல பேரு வந்துடும். எழுத்துப் பரீட்சதான் பாஸ் பண்ணிட்டேன்ல?"

"பேனலு! அண்ணன் கேட்டத ஒண்ணு செய்ய மாட்ட. பேரு மட்டும் வரணும் உனுக்கு."

பிரின்சி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அவன் இன்னா கேட்டான்னு தெரியுமாம்மா உனுக்கு?"

"பத்து செகண்டு லேட்டாத் தட்டச் சொன்னான். கொலையா பண்ணச் சொன்னான்? கேன்டீன்ல நான் பத்து நிமிசம் லேட்டா சோறு போட்டா எவன் செத்துட்டான்?"

தப்பு என்று தெரிந்தவர்களிடம் தப்பு என்று சொல்லலாம். ஆரோக்கியமேரிக்கு மகன் கேட்டது தப்பு இல்லை, மகள் மறுத்ததுதான் தப்பு. பிரின்சி காப்பியைக் குடிக்காமலே கிளம்பினாள்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போகும் பஸ். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். கவரைப்பேட்டையில் பின் சீட்டில் யாரோ ஏறி உட்கார்ந்து முன்கம்பியைப் பிடித்தார்கள். கட்டைவிரலில் பழைய தழும்பு. திரும்பிப் பார்க்காமலே அது யார் என்று அவளுக்குத் தெரிந்தது. பைக்கில் முன்னால் வந்து, இங்கே நிறுத்திவிட்டு ஏறியிருக்கிறான்.

"சாம்பாருக்கு சாரி" என்றான் ஸ்டீவன்.

அவள் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"பிரின்சி, கேளு. ஒவ்வொரு பாலுக்கும் வேணா. விக்கெட்டு வுழுந்தா மட்டும், சிக்ஸு போனா மட்டும். மூக்கச் சொறியற டைம்தான். எவன் கண்டுபுடிப்பான்?"

"நான் கண்டுபுடிப்பேன்."

"ரொம்பப் பண்ணாத. காலேஜி ஃபீஸு யார் கட்டுனது? அப்பா செத்தப்ப இந்தக் குடும்பத்தத் தூக்குனது யாரு? ஷிஃப்ட்டுக்கு மேல ஷிஃப்ட்டு போட்டு வெரல நசுக்கிக்கினது யாரு?"

அதுவும் உண்மைதான். அப்பா எட்வர்ட் போனபோது பிரின்சி ஒன்பதாவது. ஸ்டீவன் இல்லையென்றால் அவள் பன்னிரண்டாவதே முடித்திருக்க மாட்டாள். அந்த உண்மையை அவன் எந்த நேரத்தில் எடுத்து நீட்டுகிறான் என்று பாருங்கள். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

பெரியபாளையத்தில் பஸ் நின்றுவிட்டது. ஆடி ஞாயிறு. வேப்பிலை கட்டிக்கொண்டு, குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டம் ரோட்டை அடைத்துப் போனது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டார். பிரின்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு மணிக்குள் மைதானத்தில் இருக்க வேண்டும்.

"ண்ணா, ஒண்ணு சொல்றேன், காது குடுத்துக் கேளு." இப்போதுதான் திரும்பினாள். "சீசன் ஆரம்பத்துலயே எங்கிட்ட எழுதி வாங்கிக்கினாங்க. யாராச்சும் வந்து இந்த மாதிரி கேட்டாலே அன்னிக்கே சார்கிட்ட சொல்லணும். சொல்லாம வுட்டாலே என் மேல ஆக்‌ஷன். நேத்து சாயந்தரம் நீ கேட்ட. நான் இன்னும் சொல்லல. அண்ணனாச்சேன்னு கம்முனு கீறேன். அதுவே தப்பு."

ஸ்டீவன் சிரித்தான். "அப்போ ஏற்கெனவே தப்புப் பண்ணிட்ட. இன்னொண்ணு பண்ணா இன்னா ஆயிடப் போவுது?"

அவள் திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள். கண்டக்டர், "லேட்டாவும், எறங்கறவங்க எறங்கிக்கலாம்" என்றார். பிரின்சி இறங்கி, கூட்டத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய், நெரிசலுக்கு அப்பால் கிளம்பி நின்ற ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள். ஸ்டீவன் படிக்கட்டில் நின்று, "பதில் சொல்லிட்டுப் போடி!" என்று கத்தினான். வேப்பிலைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் பதில் சொல்லவில்லை. நேற்றே சொல்லியாயிற்று. ஆனால் சில ஆண்களுக்கு, முடியாது என்று ஒரு தரம் சொல்லி அடுத்த தரம் பேசாமல் இருந்தால், அது சம்மதம்.

மைதானத்தில் ஸ்கோரர் மேஜை ஒரு ஷாமியானா பந்தலுக்குக் கீழே. பக்கத்தில் காயத்ரி. அவள் காகிதப் புத்தகத்தில் எழுதுவாள், பிரின்சி டேப்லெட்டில் தட்டுவாள். ஓவர் முடிந்ததும் இருவரும் வாய்விட்டுச் சொல்லி ஒத்துப்பார்த்துக்கொள்ள வேண்டும். மேட்ச் முடியும்வரை இரண்டு பேர் ஃபோனும் லீக் செயலாளரின் பெட்டிக்குள்.

வீரராகவன் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ஃபைல். அவர் பேசுகிற ஆள் இல்லை. அவர் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பிரின்சி டேப்லெட்டில் ஏற்றிய பேர்களை இன்னொரு தரம் சரிபார்த்தாள்.

"ஏன்டி ஒரு மாதிரி கீற?" என்றாள் காயத்ரி.

"நாஷ்டா பண்ணல."

"பொய்யி. பின்னால சார் உக்காந்துகிறாருன்னு. பயப்படாத. உன்ன மாதிரி தட்ட இந்த ஜில்லாவுல ஆள் இல்ல."

முதல் இன்னிங்ஸ் ஒழுங்காக முடிந்தது. ஒரு பந்து பிசகவில்லை. அம்பயர் சைகை காட்டுவார், பிரின்சி கையைத் தூக்கிப் பார்த்தேன் என்று காட்டுவாள், அப்புறம்தான் தட்டுவாள். மட்டையில் பட்டதா, பிடித்தது சரியா என்பதெல்லாம் ஸ்கோரர் முடிவு செய்வதில்லை. அம்பயர் சொன்னால்தான் அது நடந்தது. அதுதான் அந்த வேலையின் ஒழுக்கம்.

இப்போது ஸ்டீவனைப் பாருங்கள். அவன் பஸ்ஸில் தாமதமாக வந்து, எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் குந்திக்கொண்டிருந்தான். கையில் ஃபோன், காதில் கவனம். பிரஸ் மெஷினில் பதினோரு வருஷமாக அவன் பழக்கம் அது. மற்றவர்கள் பச்சை விளக்கு எரியும்வரை காத்திருந்து அடுத்த தகட்டைத் தள்ளுவார்கள். ஸ்டீவன் சத்தத்தை வைத்தே தள்ளுவான். தலை நிமிரவே மாட்டான். ஷிஃப்டுக்கு நூறு பீஸ் கூடுதலாக எடுப்பான். சூப்பர்வைசர் பாராட்டுவார். கட்டைவிரலில் தழும்பு வந்ததும் அப்படித்தான், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இரண்டாவது இன்னிங்ஸ் பன்னிரண்டரை மணிக்கு இறுகியது. ஒன்பது பந்தில் பதின்மூன்று ரன் வேண்டும். கையில் இரண்டே விக்கெட். ஒரு நெட்டை பேட்ஸ்மேன் மட்டும் நின்று அடித்துக்கொண்டிருந்தான். அவன் போனால் ஆட்டம் போச்சு.

பந்து வந்தது. பெரிய ஃபுல் டாஸ், தரையில் படாமலே வந்தது. நெட்டையன் சுழற்றினான். பந்து மேலே ஏறியது, எல்லைக்கோட்டுக்கு ஓரடி உள்ளே ஒரு பையன் விழுந்து பிடித்தான். பந்து போட்டவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினான். மரத்தடிக் கூட்டம் "அவுட்டு!" என்று கூவியது.

ஸ்டீவன் காதில் அது விழுந்தது. தலை ஃபோனுக்குள்ளேயே இருந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினான். திரையில் ரேட் அசையவில்லை. ஸ்கோர் மாறவில்லை. ஏழு, எட்டு. இன்னும் அசையவில்லை. பத்து! அவன் உடம்பெல்லாம் சிலிர்த்தது. தங்கச்சி ஒத்துக்கொண்டுவிட்டாள்! பிடிவாதக்காரிபோல நடித்தாளே தவிர அண்ணனைக் கைவிடவில்லை!

பந்து போடுகிற டீம் ஜெயிக்கும் என்று கணக்கில் இருந்த அத்தனையையும் போட்டான். அதோடு விட்டானா? வகுப்பு குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டான்: "பத்து செகண்டு குடுத்துட்டா! போடுங்கப்பா, போடுங்க!"

நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். லெக் பக்கத்து அம்பயர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பெரிய அம்பயர் அவரிடம் நடந்து போனார். இரண்டு பேரும் பந்து இடுப்புக்கு மேலே வந்ததா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சைகை வரவில்லை. சைகை வராததால் பிரின்சி தட்டவில்லை. விரலை டேப்லெட்டுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணை அம்பயர்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பின்னால் வீரராகவன் தலையை ஆட்டிக்கொண்டார். அப்படித்தான் காத்திருக்க வேண்டும்.

முப்பத்தொரு செகண்ட் ஆனது. பெரிய அம்பயர் திரும்பி ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டினார்.

நோ பால். நெட்டையன் அவுட் இல்லை.

பிரின்சி கையைத் தூக்கினாள். தட்டினாள். அடுத்தது ஃப்ரீ ஹிட். நெட்டையன் அதைத் தூக்கி வேப்பமரத்துக்கு மேலே அனுப்பினான். ஆறு.

ஸ்டீவன் அப்போதுதான் நிமிர்ந்தான்.

அவன் ஓடி வந்ததைக் காயத்ரிதான் முதலில் பார்த்தாள். மைதானத்துக்குக் குறுக்கே, செருப்பில்லாமல், ஃபோனைக் கத்தி மாதிரி நீட்டிக்கொண்டு.

"துரோகி! பத்து செகண்டு குடுத்தியேடி! குடுத்து ஏமாத்திட்டியேடி! நீ லேட் பண்ணன்னு நம்பித்தானே போட்டேன்! நாப்பத்திரண்டு பேரு போட்டுகிறான்டி உன்ன நம்பி!"

ஆட்டம் நின்றது. ஆட்டக்காரர்கள் எல்லாரும் அம்பயர்களும் ஸ்கோரர் மேஜையைப் பார்த்தார்கள். பிரின்சிக்குக் காதுக்குள் ஊசி குத்தினாற்போல இருந்தது. நாற்பத்திரண்டு பேர். அவன் மட்டும் இல்லை. அவளுடைய பத்து செகண்டை அவள் தருவதற்கு முன்பே, அவளைக் கேட்காமலே, வகுப்பு முழுக்க விநியோகம் பண்ணியிருக்கிறான்.

மாற்று ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் ஸ்டீவனை அமுக்கிப் பிடித்தார்கள். அம்பயர் பந்தலுக்கு வந்து, "தொடரலாமா, முடியுமா உங்களால?" என்று கேட்டார். வீரராகவன் வாயைத் திறக்குமுன் பிரின்சி சொன்னாள்.

"முடியும் சார்."

அடுத்த நான்கு பந்தையும் அவள் தட்டினாள். பின்னால் அண்ணன் அவள் பேரைச் சொல்லிக் கெட்ட வார்த்தை பேசிக்கொண்டிருந்தான். ஓவர் முடிந்ததும் காயத்ரி குரல் உடைந்துபோய் ஒப்பித்தாள், பிரின்சி சரி பார்த்தாள். நான்காவது பந்தில் நெட்டையன் ஜெயித்துக் கொடுத்தான். கையெழுத்துப் போட்டு டேப்லெட்டை மூடினாள். அதுவரைக்கும் அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. மூடியதும் வந்தது.

கல்லூரியின் விளையாட்டு அறை. நடுவில் ஒரு மேஜை. ஒருபக்கம் பிரின்சி, மறுபக்கம் ஸ்டீவன், நடுவில் வீரராகவன். அறை முழுக்கப் பழைய வலைகளின் நாற்றம். காயத்ரி வாசலில் நின்றாள்.

வீரராகவன் ஸ்டீவனின் ஃபோனை வாங்கி அந்த குரூப்பைப் பார்த்தார். காலையிலேயே பரசுராமன் சார் போட்டிருந்தார்: 'ஸ்கோரர் நம்ம ஸ்டீவன் தங்கச்சி. பத்து செகண்ட் கன்ஃபர்ம்.' கூடவே பிரின்சியின் படம். அது அவள் பட்டமளிப்பு விழாவில் எடுத்தது. அவ்வளவு நல்ல படம் வீட்டில் ஸ்டீவனிடம் மட்டும்தான் இருந்தது.

"அந்த முப்பத்தொரு செகண்டப் பத்தி நான் கேக்க மாட்டேம்மா" என்றார் வீரராகவன். "அம்பயர் சிக்னல் வரல, நீ தட்டல. நான் பின்னாலதான் உக்காந்திருந்தேன். ஆனா இன்னொண்ணு கேக்கணும். இவரு உங்கிட்ட எப்போ கேட்டாரு?"

"நேத்து சாயந்தரம் சார்."

"ஏன் எனக்குச் சொல்லல?"

"அண்ணன் சார்."

அவர் ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "நடந்தத எழுதிக் குடு. போலீசுக்கும் போகும், கமிட்டிக்கும் போகும். பேனல் விஷயம் இனிமே என் கையில இல்லம்மா."

அவள் எழுத ஆரம்பித்தாள். 'நேற்று மாலை ஆறு மணிக்கு ஒருவர் என்னிடம்' என்று எழுதினாள். வீரராகவன் எட்டிப் பார்த்தார்.

"ஒருவர்னா எப்படி? பேரு எழுதணும்."

பேனா நின்றது. அடுத்த மாதம் பட்டியல். பேரை எழுதினால் கேஸ், கேஸ் வந்தால் கம்பெனியில் கதவு சாத்திவிடுவார்கள். பதினோரு வருஷம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவள் ஃபீஸ். எல்லாம் அந்த ஒரு வரியில் வந்து உட்கார்ந்துகொண்டன.

ஸ்டீவன் அவள் முகத்தைப் படித்துவிட்டான். "சார், ஒரு நிமிசம் ஃபோனக் குடுங்க, எங்கம்மாகிட்ட பேசணும்" என்று வாங்கி, பேசி, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தான்.

"பிரின்சி!" ஆரோக்கியமேரியின் குரல் அறையெல்லாம் கேட்டது. "அவன் ஒண்ணும் கேக்கல, நீயாத்தான் சும்மா வெளையாட்டுக்கு சொன்னேன்னு எழுதிக் குடுத்துடு. பொம்பளப் புள்ள, மன்னிச்சு வுட்டுடுவாங்க. அவன உள்ள வச்சா வேலையே பூடும். அவனுக்குப் புள்ள கீது."

"எனுக்கு இன்னாம்மா கீது?"

"உனுக்கு இன்னா? நாளிக்கி ஒருத்தன் கட்டிக்கினு போவப் போறான். நீ எண்ணிக் கிழிச்சது போதும்."

பிரின்சி சிவப்புப் பொத்தானைத் தொட்டு ஃபோனை அணைத்தாள். காயத்ரி உள்ளே வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பெண் பேரை எழுதவில்லை. நம்புவீர்களா? தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷிஃப்டு முடிந்து வந்து, கட்டுப் போட்ட விரலோடு, ஃபீஸ் ரசீதை நீட்டிய அண்ணன் அவள் கண்ணுக்குள் நின்றுகொண்டே இருந்தான்.

அப்போதுதான் வெளியே பைக் சத்தம். ஒன்றில்லை, ஏழெட்டு. வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"சார், கும்மிடிப்பூண்டி பசங்களாம், காலைல இருந்து திருவள்ளூர்லதான் உக்காந்துகிறானுங்களாம். வகுப்புல படிக்கிறவங்களாம். துட்டு போச்சாம். ஸ்கோரர் பொண்ணு எதுன்னு கேக்குறானுங்க. ஃபோட்டோ வச்சினுகிறானுங்க. கேட்டப் பூட்டிட்டேன்."

வீரராகவன் போலீசுக்கு ஃபோன் போட எழுந்து மூலைக்குப் போனார். ஸ்டீவன் ஜன்னல் வழியாக கேட்டைப் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்தான். பிறகு மேஜைமேல் குனிந்து, பஸ்ஸில் பேசிய அதே இதமான குரலில் சொன்னான்.

"பிரின்சி, நீ போய்ப் பேசு. நான்தான் லேட் பண்றேன்னு சொன்னேன், தப்பாயிடுச்சி, மன்னிச்சிடுங்கன்னு சொல்லு. என்னப் பாத்தா ஒதப்பானுங்க. பொம்பளைய அடிக்க மாட்டானுங்க."

காயத்ரி, "அடப்பாவி!" என்றாள். வேறு வார்த்தை அவளுக்குக் கிடைக்கவில்லை. எனக்கும் கிடைக்கவில்லை.

பிரின்சி அண்ணனைப் பார்த்தாள். நன்றாக, நிதானமாகப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 'ஒருவர்' என்ற சொல்லை அடித்தாள். மேலே எழுதினாள்: என் அண்ணன் ஸ்டீவன், தந்தை பெயர் எட்வர்ட். நேற்றே சொல்லாதது என் தவறு என்றும் எழுதினாள். அவள் பேருக்குக் கீழே முகவரி, அவன் பேருக்குக் கீழே முகவரி. கையெழுத்துப் போட்டாள். ஸ்டீவன் தாளைப் பறிக்கக் கை நீட்டினான். அதற்குள் அது வீரராகவன் கைக்குப் போயிருந்தது.

கேட்டில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். வீரராகவன் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"ரெண்டு முகவரியும் ஒண்ணா இருக்கேம்மா?"

"ஒரே ஊடுதான் சார்" என்றாள் பிரின்சி. "இன்னிக்கி காலைல வரைக்கும்."